வாயாடிக்குத்தான் மொழி வருமா?

கலகலவென்று பழகுகிறவர்கள் வேற்றுமொழியைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், கூச்ச சுபாவிகள் திணறுவார்கள் என்று நாம் நம்புகிறோம். ஆய்வாளர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் கனடாவில் நய்மன் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கலகலப்புக்கும் மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தென்படவில்லை.

ழான்-மார்க் டெவாலும் ஏட்ரியன் ஃபர்ன்ஹமும் 1999-இல் பழைய ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கோளாறு பிடிபட்டது. அவற்றில் பெரும்பாலானவை எழுத்துத் தேர்வையே அளவுகோலாக வைத்திருந்தன. பேச்சை அளந்தால் கலகலப்பானவர்கள் முந்தினார்கள். பதற்றமான சூழலில் அந்த வித்தியாசம் இன்னும் கூடியது. சொல் மனதில் ஏறுவது ஒரு வேலை. ஏறியதை வேளைக்கு எடுப்பது வேறு வேலை. கலகலப்பு கைகொடுப்பது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான்.

முதல் வேலையைக் கெடுப்பது பயம். பீட்டர் மெக்கின்டயரும் ராபர்ட் கார்ட்னரும் 72 மாணவர்களுக்குக் கணினி வழியாகப் பிரெஞ்சுச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு குழுவுக்குத் தொடக்கத்திலேயே வீடியோ கேமரா வைக்கப்பட்டது, இன்னொன்றுக்கு நடுவில், மூன்றாவதற்குத் தேர்வுக்குச் சற்று முன். நான்காவது குழுவுக்குக் கேமராவே இல்லை. 1994-இல் வெளியான முடிவு: கேமராவைக் கண்ட மூன்று குழுக்களும் பதறின, சொல்லைக் கற்பதிலோ எடுத்துச் சொல்வதிலோ பின்தங்கின. கவனத்தில் ஒரு பங்கைக் கவலை தின்றுவிட்டால், புதுச் சொல்லுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பாடம் நடக்கும்போதே பயந்த பிள்ளைக்குத் தேர்வறையில் தைரியம் சொல்லிப் பயனில்லை. உள்ளே போகாத சொல் எப்படி வெளியே வரும்? அந்தப் பாடத்தைத்தான் மறுபடி நடத்த வேண்டும்.

உள்ளே போக வேண்டிய சொற்களும் கொஞ்சநஞ்சமல்ல. ஆங்கில நாவலைத் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கு. அவ்வளவையும் எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்காது. ஒரே சொல்லைப் பல முறை சந்தித்துத்தான் சேர்க்க வேண்டும். பேச்சுப் பிரியருக்கு அந்தச் சந்திப்பு அரட்டையில் கிடைக்கும், அமைதியானவருக்குப் புத்தகத்தில். ஒழுங்கானவர் நோட்டில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

ஆகவே, பேசாத பிள்ளையைப் பேசவைப்பதையே முதல் பாடமாக்க வேண்டியதில்லை. புதுச் சொல்லைச் சொன்ன கையோடு எழுப்பி நிறுத்தி வாக்கியம் கேட்காமல், முதலில் இரண்டு முறை படிக்கவோ எழுதவோ விடலாம். வாய் திறக்கும் பயிற்சி அதற்கு அடுத்தபடி.