மேகம் விலகினால் ஓங்காரம்

உத்தராகண்ட் மாநிலம் பித்தோராகட் மாவட்டத்தில், கயிலை யாத்திரையின் பழைய வழியான லிபுலேக் கணவாய்க்குச் சற்று முன்பாக நாபிடாங் என்னும் முகாம் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரம். அங்கு வந்து சேரும் யாத்ரீகர்கள், சுமையை இறக்கி வைப்பதற்கு முன்பே ஒரே திசையை நோக்குவர். ஓம் பர்வதம் காட்சி தர வேண்டிய திசை அது. பல நாட்களில் அங்கே தெரிவது மேகம் மட்டுமே.

கரிய பாறை முகத்தில் பனி படிந்து பிரணவ வடிவம் காட்டும் மலை இது. தமிழ் எழுத்தில் ‘ஓம்’ என்று தேடுவோர் ஏமாறுவர். அங்கு தெரிவது தேவநாகரி ஓங்காரம். 3 என்ற எண்ணும் அதிலிருந்து நீளும் வாலும் போன்ற உருவம். பாறையின் பள்ளங்களிலும் படிகளிலும் பனி தங்கிவிடுகிறது. செங்குத்தான பரப்புகளில் தங்காமல் சரிந்துவிடுகிறது. இவ்வாறே அந்த எழுத்து உருவாகிறது. பனி மிகுந்தால் மலை முழுதும் வெளுத்து எழுத்து மறையும். குறைந்தால் கோடுகள் அறுபடும். ஆகவே மேகம் விலகுவது மட்டும் போதாது, பனியும் அளவோடு இருந்தாக வேண்டும்.

யாத்திரைக் காலமோ ஜூன் முதல் செப்டம்பர் வரை. அதாவது பருவமழைக் காலம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலெழுந்து சிகரங்களைச் சுற்றி மேகமாகத் திரளும். எனவே அனுபவமுள்ளோர் விடியலுக்கு முன்பே கேமராவுடன் காத்திருப்பர். குளிரில் பேட்டரி விரைவில் வலுவிழக்கும் என்பதால் அதைக் கம்பளிச் சட்டைக்குள் உடலோடு சேர்த்து வைத்திருப்பர். வெளிச்சத்தைக் கணிப்பதும் எளிதன்று. கரும்பாறைக்கு ஏற்ப எடுத்தால் பனி வெளிறி எழுத்தின் விளிம்பு கரைந்துவிடும். பனிக்கு ஏற்ப எடுத்தால் பாறை இருண்டுவிடும். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று நான்கு படங்கள் எடுத்து வைப்பது நல்லது. அதற்குள் மேகம் மீண்டும் வந்து மூடிவிடவும் கூடும்.

மத்திய அரசு நடத்தும் கயிலை மானசரோவர் யாத்திரையில் 70 வயதைக் கடந்தோருக்கு இடமில்லை. அவர்களுக்குப் பூஜை அறையில் உள்ள படமே தரிசனம். அந்தப் படம் உண்மையானதாக இருக்க வேண்டாமா? கடைகளில் விற்பனையாகும் படங்கள் சிலவற்றில் ஓங்காரம் வெள்ளைச் சாயத்தால் எழுதியது போல் அப்பழுக்கின்றி இருக்கும். மலையில் அது அப்படி இல்லை. சற்றுக் கோணலாக, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, பாதி மேகத்தில் மறைந்து நிற்கும் படமே வணங்கத் தக்கது. இறைவன் எழுதியதாக நம்பும் எழுத்தை மனிதர் திருத்துவானேன்?

2024 ஆகஸ்டில் அந்த எழுத்தே காணாமற்போனது. பனி முழுதும் உருகி, வெறும் கரும்பாறை நின்ற படங்கள் செய்திகளில் வெளிவந்தன. மேகம் மறைத்த நாளில் ‘நாளை தெரியும்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அன்றோ மலை தெளிவாகத் தெரிந்தும் ஓங்காரம் இல்லை. மழையும் பனிப்பொழிவும் குறைந்ததும், வெப்பம் கூடியதும், வாகனங்கள் பெருகியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பின்னர் பனி பொழிந்தபோது எழுத்து மீண்டும் தோன்றியது.

இதன்பின் ஒரு சாதாரண யாத்ரீகர் எடுக்கும் படத்திற்கும் மதிப்பு கூடிவிட்டது. ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால் பனி எவ்வளவு குறைந்தது, எப்போது திரும்பியது என்பது புலப்படும். அதற்குப் படத்தின் பின்புறம் தேதி இருக்க வேண்டும். தேதியில்லாத காசோலையை எந்த வங்கியும் ஏற்பதில்லை அல்லவா!

இப்போது நாபிடாங் வரை சாலை உண்டு. உள்கோட்டு அனுமதிச் சீட்டைத் தார்ச்சுலாவில் பெறலாம். ஆனால் வண்டியில் விரைந்து ஏறுவது உடலுக்கு ஆகாது. அங்கே கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதமே. புறப்படும் பிள்ளைகளிடம், வழியிலுள்ள குஞ்சியில் இரண்டு இரவுகளாவது தங்கச் சொல்லுங்கள். உடலும் பழகும், முதல் நாள் மேகம் மூடினாலும் மறுநாள் விடியலில் மீண்டும் சென்று பார்க்க வழியிருக்கும்.