கண்ணை மூடச் சொல்பவர் என்ன படித்தவர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் மடித்து ஒரு மஞ்சள் நோட்டீஸ் வந்தது. மேற்கு மாம்பலத்தில் இது புதிதில்லை. கேட்டரிங், டியூஷன், ஜோசியம், முழங்கால் வலித் தைலம் என்று வாரத்துக்கு நாலு வரும். இது 'ஆழ்மனச் சிகிச்சை'. பயம், குடி, திக்குவாய், பரீட்சைப் பதற்றம், தாம்பத்தியச் சண்டை, முற்பிறவிக் கர்மவினை அத்தனைக்கும் ஹிப்னாடிசம். மூன்றே அமர்வு. முன்பணம் கட்டினால் தள்ளுபடி. சிகிச்சை தருபவரின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

மாடி வீட்டு மாமி அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஏண்டாப்பா, நீ இதெல்லாம் எழுதறவனாச்சே. இது நெஜமா, புருடாவா? குழந்தைக்கு ஹால்ல போய் உக்காந்தா கை நடுங்கறதாம். படிச்சதெல்லாம் மறந்து போயிடறதாம். அழைச்சிண்டு போகட்டுமா?"

குழந்தை என்று அவர் சொன்னது பேத்தியை. வயது இருபத்திரண்டு. சி.ஏ. இன்டர் இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. தெருவுக்குத் தெரு சி.ஏ. கோச்சிங் வகுப்பு இருக்கும் பேட்டையில் இந்த நடுக்கம் எந்த வீட்டுக்கும் புதிதல்ல.

"சரக்கு நிஜம் மாமி, கடைதான் சந்தேகம்" என்றேன். மாமிக்கு அது போதவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

முதல் கோளாறு பெயரில் இருக்கிறது. 'மனோவசியம்' என்று எவரோ மொழிபெயர்த்து வைத்தார்கள். வசியம் என்றால் ஒருவர் மனதை இன்னொருவர் பறித்துக்கொள்வது. அந்தப் பயத்தைச் சினிமா நன்றாக வளர்த்தது. 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் வில்லன் 'நோக்கு வர்மம்' என்று கண்ணால் பார்த்தே நடுத்தெருவில் ஆட்களை ஏவிவிடுவான். அதைப் பார்த்த தலைமுறைக்கு ஹிப்னாடிசம் என்றதும் அந்தக் கண்தான் நினைவுக்கு வரும். நல்லவேளையாகத் தமிழில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: அறிதுயில். பாற்கடலில் திருமால் பள்ளிகொண்டிருப்பதற்குச் சொல்லும் சொல். தூங்குவது போல இருக்கும், ஆனால் எல்லாம் தெரியும்.

இதே சொல்லை ஏறக்குறைய இதே பொருளில் பிரெஞ்சில் எழுதிவைத்தவர் ஒரு கோவாக்காரர். 1756-ல் காந்தோலிம் ஊரில் பிறந்த பாதிரியார் ஆபே ஃபாரியா. அவர் தலையெடுக்கும் முன்பே, வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்த மெஸ்மர், உடலில் ஓடும் ஏதோ ஒரு காந்தத் திரவத்தைச் சீர்செய்து நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பெரும்பேர் வாங்கியிருந்தார். பதினாறாம் லூயி 1784-ல் அமைத்த விசாரணைக் குழு (பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தார்கள்) அப்படி ஒரு திரவமே இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று சொல்லிவிட்டது. சரியான தீர்ப்புதான். ஆனால் கற்பனைக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது என்று அந்தக் குழு கேட்கவில்லை. 1813-ல் பாரிஸில் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிய ஃபாரியா கேட்டார். சக்தி மயக்குபவர் கையில் இல்லை, மயங்குபவர் மனதில் இருக்கிறது என்றார். அந்த நிலைக்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'தெளிவுள்ள தூக்கம்'.

ஃபாரியாவைப் பற்றி கோவாவில் ஒரு கதை சொல்வார்கள். லிஸ்பனில் போர்ச்சுகல் ராணி முன் பிரசங்கம் செய்ய ஏறிய இளம் ஃபாரியாவுக்கு நா எழவில்லை. கீழே இருந்த அப்பா கொங்கணியில் முணுமுணுத்தாராம்: இதெல்லாம் வெறும் காய்கறிடா, நறுக்கித் தள்ளு. பையன் மடைதிறந்த வெள்ளமாகப் பேசினானாம். நடந்ததோ இல்லையோ, மாமியின் பேத்திக்குத் தேவைப்படுவதும் அப்படி ஒரு முணுமுணுப்புதான். பணஜியில், படுத்திருக்கும் பெண்ணின் மேல் கைகளை நீட்டி நிற்கும் ஃபாரியா சிலை ஒன்று இருக்கிறது. 1945-ல் வைத்தது. அதைப் பார்ப்பவர்களுக்கும் 'வசியம்' என்றுதான் தோன்றும். மனிதர் வாழ்நாள் முழுக்க மறுத்த கருத்தையே அவருக்குச் சிலையாக வடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். ஸ்காட்லாந்து மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். வங்காளத்தில் ஹூக்ளியில் இருந்தார். 1845 ஏப்ரலில், விரைவீக்கத்துக்குச் சிகிச்சை செய்யப்பட்ட ஒரு சிறைக்கைதி வலியில் துடித்தார். மெஸ்மரிசத்தைப் பற்றிப் படித்திருந்தாரே தவிர எஸ்டெய்ல் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. முயன்று பார்த்தார். வலி அடங்கியது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான அறுவைகளை மயக்க மருந்தே இல்லாமல் செய்தார். இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கைகளை வீசி ஆழ்த்தும் வேலையை இந்திய உதவியாளர்களிடம் விட்டுவிட்டார். அந்த இளைஞர்கள் பெயர் சரித்திரத்தில் பெரிதாகத் தங்கவில்லை.

எஸ்டெய்லிடம் வந்தவர்களில் ஏராளமானோருக்கு விரைப்பையில் பெரும் கட்டிகள். யானைக்கால் புழு செய்யும் வேலை அது. பழைய மாம்பலத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். சாக்கடைக் கொசுவும் யானைக்காலும் ஒரு காலத்தில் இந்தப் பேட்டையின் அடையாளமாகவே இருந்தன. கால் வீங்கியவரைப் பார்த்து ஊர் பரிதாபப்பட்டது. விரை வீங்கியவர் வெளியில் சொல்லாமல் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு நடந்தார். ஹூக்ளியில் அதே புழுவால் அவதிப்பட்ட கூலியாட்களும் கைதிகளும்தான் அறிதுயில் மருத்துவத்தின் முதல் பெரிய சான்று. அரசு ஒரு குழுவை வைத்துச் சோதித்துப் பார்த்து, 1846-ல் கல்கத்தாவில் சிறிய மெஸ்மரிச மருத்துவமனை ஒன்றையே ஒதுக்கித் தந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ஈதர் வந்தது. அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம். சில நிமிடத்தில் எல்லோரையும் மயக்கும் மருந்து கையில் இருக்கும்போது, சிலரை மட்டும் பல மணி நேரம் கழித்து ஆழ்த்தும் முறைக்கு யார் காத்திருப்பார்கள்? எஸ்டெய்ல் 1851-ல் இந்தியாவை விட்டுப் போனார்.

'சிலரை மட்டும்' என்பதுதான் இதில் முக்கியம். ஃபிராய்டு தொடக்கத்தில் அறிதுயிலைத்தான் பயன்படுத்தினார். எல்லா நோயாளியும் ஆழவில்லை, போன நோய் திரும்பி வந்தது என்று பிறகு கைவிட்டார். ஏன் எல்லோரும் ஆழ்வதில்லை என்பது பின்னால்தான் அளந்து தெரிந்தது. 1959-ல் ஸ்டான்ஃபோர்டில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பதினைந்து பேர் எளிதில் ஆழ்வார்கள். அதே அளவு பேர் அசையவே மாட்டார்கள். மீதிப் பேர் நடுவில். உயரம் போல இதுவும் ஒருவரின் இயல்பு. ஐம்பது பேரை 25 ஆண்டு கழித்துத் திரும்ப அளந்தபோதும் பெரிய மாற்றமில்லை. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஏமாளித்தனத்துக்கும் இல்லை. ஒன்றில் ஒன்றிப்போகும் திறனோடு ஓரளவு சம்பந்தம் உண்டு. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் கேட்கும்போது பாருங்கள். சீதை காட்டில் தனித்து நிற்கும் இடத்தில் ஒரு மாமிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். பக்கத்து மாமி மணி பார்ப்பார். இருவர் பக்தியும் ஒன்றுதான். மூளையின் பழக்கம் வேறு.

மூளை என்றதும் கேட்பீர்கள்: உள்ளே உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா, இல்லை நடிப்பா? இதற்கு ஒரு சோதனை. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதி, என்ன நிறம் என்று கேளுங்கள். 'நீலம்' என்று சொல்ல யாரும் ஒரு கணம் தடுமாறுவார்கள். எழுத்தைப் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. எளிதில் ஆழ்பவர்களிடம், இது உனக்குத் தெரியாத ஏதோ மொழியின் கிறுக்கல் என்று அறிதுயிலின்போது சொல்லிவைத்தார்கள். அந்தத் தடுமாற்றம் காணாமல் போயிற்று. அமிர் ராஸ் குழு 2002-ல் இந்த ஆய்வை வெளியிட்டது. இதை நடிக்க முடியாது. 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் 545 பேரைச் சலித்து, நன்றாக ஆழ்பவர் 36 பேரையும் ஆழாதவர் 21 பேரையும் ஸ்கேனில் பார்த்தார்கள். ஆழ்ந்தவர்களிடம், கவலைப்படுவதற்கும் சுற்றுப்புறத்தை எடைபோடுவதற்கும் உதவும் ஒரு பகுதி அடங்கியது. உடம்பைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு வலுத்தது. 'நான் இப்போது என்ன செய்கிறேன்' என்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பகுதியோடு தொடர்பு தளர்ந்தது. சி.ஏ. பரீட்சை ஹாலில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

இனி பேத்தி விஷயம். பரீட்சைப் பயத்துக்கு நன்கு சோதிக்கப்பட்ட வழி பேச்சுச் சிகிச்சை, குறிப்பாக எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சி.பி.டி. 'மறந்துவிடும்' என்ற எண்ணம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, படபடப்பதையே மறப்பதற்கு அடையாளமாகப் பெண் எடுத்துக்கொள்கிறாள், அதனால் மேலும் படபடக்கிறது. இந்தச் சுழலை அவளுக்கே காட்டி, ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ப்பதுதான் சிகிச்சை. அதில் ஒரு கட்டத்தில், ஹாலில் உட்கார்ந்திருப்பதைக் கற்பனையில் திரும்பத் திரும்ப வாழச் சொல்வார்கள். மணி அடிப்பது, வினாத்தாள் கைக்கு வருவது, முதல் கேள்வி தெரியாமல் போவது. அறிதுயில் நுழைவது இங்கேதான். மாங்காய் என்று சொன்னாலே வாயூறும் நமக்கு. ஆழ்ந்திருக்கும்போது அந்தக் கற்பனை இன்னும் கெட்டியாக இருக்கும், பயமும் வரும். அதே சமயம் மூச்சும் தசையும் தளர்ந்திருப்பதால் அந்தப் பயத்தோடு உட்கார முடியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டால் மூச்சு நீளும் என்று பழக்கிவைத்தால் ஹாலிலும் உதவும். வீட்டில் தானே செய்துகொள்ளவும் கற்றுத்தருவார்கள். கண்ணை எப்போது வேண்டுமானாலும் அவளே திறக்கலாம்.

அப்படிச் சேர்ப்பதால் கூடுதல் பலன் உண்டா? 1995-ல் இர்விங் கிர்ஷும் சகாக்களும் 18 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சி.பி.டி.யோடு அறிதுயிலும் பெற்ற சராசரி நோயாளி, சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 70 சதவீதம் பேரைவிட அதிகம் தேறினார் என்றார்கள். ரொம்பவே நல்ல கணக்கு. அதில் உடல் பருமன் பற்றிய பகுதியைப் பிறகு வேறு சிலர் திரும்பப் போட்டபோது எண் நன்றாகச் சுருங்கியது. 2021-ல் புதிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், பலன் உண்டு, ஆனால் சிறிதிலிருந்து நடுத்தரம் வரைதான். ஆஸ்திரேலியாவில் விபத்து, தாக்குதல் போன்ற அதிர்ச்சிக்கு ஆளான 87 பேரிடம் ரிச்சர்ட் பிரையன்ட் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. அறிதுயில் சேர்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனதில் திரும்பத் திரும்ப வருவது சிகிச்சை முடிந்தவுடன் அதிகம் குறைந்திருந்தது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தால் சி.பி.டி. மட்டும் பெற்றவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். ஆக, பாதையை ஓரளவு சுலபமாக்குகிறது, சேருமிடத்தை மாற்றவில்லை. மனதுக்கு இருப்பதைவிட உறுதியான சான்று வயிற்றுக்கு இருக்கிறது என்பது வேடிக்கை. எரிச்சல் குடல் நோய்க்கு மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல் 1984-ல் தொடங்கிய முறையை, மருந்துக்கு ஒரு வருடம் கேட்காத நோயாளிகளுக்குப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலே 2008-ல் சொன்னது.

எங்கே கூடாது என்பதையும் மாமியிடம் சொன்னேன். இல்லாத குரல் கேட்பவர்களுக்கு, மனச்சிதைவின் தீவிரத்தில் இருப்பவர்களுக்கு இது ஆகாது. 'மறந்துபோன' நினைவைத் தோண்ட எவருக்கும் கூடாது. ஆழ்ந்த மனம் நினைவை மீட்பதைவிட அதிகமாகப் புனையும். புனைந்ததைச் சத்தியம் செய்து நம்பும். முற்பிறவி என்று நோட்டீஸில் இருந்ததே, அதன் ரகசியம் இவ்வளவுதான். முற்பிறவியில் சோழ இளவரசி என்பதில் பெரிய சேதமில்லை. இந்தப் பிறவியில் சித்தப்பா மேல் நடக்காத பழியைச் சுமத்தினால் குடும்பம் உடையும்.

சட்டம்? 2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. ஹிப்னோதெரபி ஒரு தனி மருத்துவமுறை என்று அதில் ஏற்கப்படவில்லை, ஒரு சிகிச்சை வழிமுறை மட்டுமே. பதிவுபெற்ற மருத்துவர்களோ தக்க பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம். அந்த 'தக்க' என்ற சொல்லுக்குள்தான் மஞ்சள் நோட்டீஸ்கள் புகுந்துகொள்கின்றன. வார இறுதி வகுப்பு, ஒரு சான்றிதழ், பெயருக்கு முன் ஒரு 'டாக்டர்'.

இந்தத் துறைக்குள் ஒரு பழைய விதி உண்டு: அறிதுயில் இல்லாமல் உனக்குச் சிகிச்சை செய்யத் தெரியாத நோய்க்கு, அறிதுயிலால் சிகிச்சை செய்யாதே. பல் மருத்துவர் பல் பிடுங்கும்போது பயன்படுத்தலாம், மனச்சோர்வுக்கு அல்ல. ஆகவே கேட்க வேண்டியது, ஹிப்னாடிசம் தெரியுமா என்பதில்லை. மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, பதிவு எண் என்ன? ஹிப்னாடிசம் பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? இதற்குக் கோபப்படுபவரிடம் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மனஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு மாமியே போன் செய்து பதிவு எண் கேட்டாராம். அங்கிருந்து பதில் வரவில்லை. பேத்தி இப்போது வேறு ஒருவரிடம் போகிறாள், பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நாலு அமர்வு ஆகியிருக்கிறது. கண்ணை மூடு என்று இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். ராத்திரி ரெண்டு மணி வரை விழித்துப் படிப்பதை முதலில் நிறுத்து என்றிருக்கிறார்.