காற்றாலையின் காலடி மண்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தில் இன்று உற்பத்தியாகாத சாமான் எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மோட்டார் வண்டிகள் செய்யும் அதே வட்டாரத்தில், டென்மார்க் தேசத்து வெஸ்டாஸ் கம்பெனியார் காற்றாலையின் தலைப்பாகத்தையும் தயாரிக்கிறார்கள். 'நேசெல்' என்று அதற்குப் பெயர். மின்சார ஜெனரேட்டர் அடங்கிய பெரும் பெட்டி. தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது ஒரே ரகத்துப் பெட்டிகளுக்குள் வித்தியாசம் காண்பது அரிது. ஆனால், கோபுரத்தின்மேல் ஏறிய பிறகு ஒன்று நிதானமாக நிற்க, இன்னொன்று அளவுக்கு மீறி ஆடுமானால், யந்திரத்தைப் பழிக்குமுன் காலடி மண்ணையும் பார்க்கவேண்டும்.

நூறு மீட்டர் உயரத்தில் சுழலும் இறக்கைக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கூடத்து ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதற்கென்று இயற்கையான தாளம் ஒன்று உண்டு. அத்தாளத்துக்கு இசையக் குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயர எழும்பும். தாளம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் முரண்டு பிடிக்கும். காற்றாலைக் கோபுரமும் அப்படித்தான். ஒருமுறை ஆடி வர அதற்கு ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு விநாடி ஆகிறது. இறக்கைகள் நிமிஷத்துக்கு 12 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 5 விநாடி. இறக்கைகள் மூன்றாகையால், 1⅔ விநாடிக்கு ஒருமுறை ஓர் இறக்கை கோபுரத்தைக் கடக்கிறது. ஊஞ்சலைத் தள்ளும் கைகள் இவை இரண்டுந்தான். கோபுரத்தின் தாளம் இரண்டிலும் படாமல் நடுவே நிற்கவேண்டும்.

இந்தக் கணக்கைப் போடுகிறவர், அஸ்திவாரம் அசையவே அசையாது என்று எண்ணிவிட்டால் வந்தது வினை! மண் இளகினால் ஆட்டம் மெதுவாகும். மூன்றரை விநாடி நாலை நோக்கி நகரும். ஐந்தை நெருங்க நெருங்க, ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்துக்கு வலுவூட்டும். எஃகு களைத்துப் போகும். வெல்டிங் இணைப்புகளில் விரிசல் காணும்.

நம் மாகாணத்திலோ மண் ஊருக்கு ஊர் வேறு. ஆரல்வாய்மொழியில் மலையடிவாரத்துப் பாறை உறுதியான பிடிப்புத் தரும். ஆனால், இளகிய மண்ணைப்போல் அது அதிர்ச்சியை விழுங்குவதில்லை. சோதனை மிகுந்தது கயத்தாறு, கோவில்பட்டிச் சீமையின் கரிசல்தான். ஐப்பசி மழையில் உப்பிக் களியாகும் அந்த மண், கோடையில் கை நுழையும்படி வெடிக்கிறது. அது அஸ்திவாரத்தின் விளிம்பை விட்டு விலகக்கூடிய ஆனி, ஆடியில்தானா காற்றும் கணவாய்களின் வழியே சீறி வரவேண்டும்?

இது என்ஜினீயர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் நிறுவப்பட்ட முதல் காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் சக்தியே உள்ளவை. இப்போதைய யந்திரங்களின் சக்தி ஆயிரக்கணக்கான கிலோவாட். பழையவற்றை நீக்கிப் பெரியவற்றை நிறுவுவதற்குத் தமிழக அரசு 2024-ல் கொள்கையே வகுத்திருக்கிறது. அதே நிலம், அதே கரிசல். ஏறி நிற்கப்போகும் பாரமோ பன்மடங்கு. பழைய அஸ்திவாரம் இதற்குப் பயன்படாது. பக்கத்து வயலில் மண்ணைப் பரீட்சித்தோமே, அது போதாதா என்ற சிக்கனமும் கூடாது. யந்திரத்தின் விலைக்கு முன்னால் ஒரு துளைக்கிணறு போடும் செலவு எம்மாத்திரம்?

பரிகாரம் இல்லாமலில்லை. கரிசலை முழுவதும் தோண்டியெடுத்துக் கெட்டித் தளத்தில் அஸ்திவாரம் போடலாம். தளம் ஆழத்தில் இருந்தால் கான்கிரீட் தூண்களை இறக்கி அவற்றின்மேல் அதை அமைக்கலாம். அதன்பின், மழைநீர் கோபுரத்தைச் சுற்றித் தேங்காமல் ஓடிவிட வாய்க்கால் வெட்டி, ஆண்டுதோறும் தூர் வாரி வரவேண்டும்.