கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள்

"நம் சங்கத்து வலைத்தளம் 2005-ல் மூன்று நாள் முடங்கிக் கிடந்ததே, அது எப்படிச் சரியாயிற்று என்று எழுதுங்களேன்" என்று ஆசிரியர் பலமுறை கேட்டுவிட்டார். தவறு என்னுடையது என்பதால் இத்தனை காலம் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது கிளைச் சங்கங்களின் இளைஞர்கள் தாங்களே தளம் அமைக்க முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். நம் உறுப்பினர்களில் பலர் மூணாறு, மறையூர், பீர்மேடு பகுதித் தோட்டங்களில் இருக்கிறார்கள். இரண்டும் கேரளம்தான். ஆனால் இங்கிருந்து மூணாறு போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் போய், சின்னாறு வழியாக மறையூர் மலை ஏற வேண்டும். கல்வி உதவித்தொகை அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தளத்தில் போடும் வேலை என் ஒருவனிடம் இருந்தது. 2004-ல் நான் காய்ச்சலில் படுத்த பத்து நாளில் ஓர் அறிவிப்பு என் மேசையிலேயே கிடந்தது. கடைசித் தேதியும் போய்விட்டது. லயத்து வீட்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைக்கு அந்த ஆண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. அவள் தந்தை என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனி ஒருவர் கையை நம்பி இருக்கக்கூடாது, அந்தந்த ஊர்க்காரரே செய்தி போட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அதற்கு ஏற்றது வலைப்பதிவு மென்பொருள். அமெரிக்காவில் பென் ட்ராட், மீனா ட்ராட் தம்பதியர் 2001-ல் வெளியிட்ட மூவபிள் டைப் அப்போது பெயர் பெற்றிருந்தது. அது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. லாரி வால் 1987-ல் உருவாக்கிய மொழி பெர்ல்.

சாதாரணப் பக்கத்துக்கும் ஸ்கிரிப்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிடுகிறேன். முன்பே அச்சடித்து வைத்த நோட்டீஸை எடுத்துக் கொடுப்பது போன்றது சாதாரணப் பக்கம். கேட்ட நேரத்தில் ஒரு குமாஸ்தாவை உட்காரவைத்து எழுதி வாங்குவது ஸ்கிரிப்ட். அந்தக் குமாஸ்தா எந்த அறையில் இருக்கிறார் என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரி சொல்ல வேண்டும். அந்த வரி ஹாஷ் குறி, ஆச்சரியக் குறி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கியாக வேண்டும்.

நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் பெர்ல் வேறு இடத்தில் இருந்தது. எனவே முதல் வரியை வேர்ட்பேடில் திருத்தி ஏற்றினேன். "500, சர்வரின் உட்பிழை" என்று வந்தது. கோப்புக்கு இயங்கும் அனுமதி இல்லையோ என்று 644-ஐ 755 ஆக்கினேன். பயனில்லை. இந்தக் கட்டத்தில் பலரும் 777 என்று எல்லாவற்றையும் திறந்து விடுகிறார்கள். செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில் இருக்கும் ஸ்கிரிப்டைச் சில சர்வர்கள் அதனாலேயே இயக்க மறுக்கும்.

மூணாறில் இண்டர்நெட் மையம் வைத்திருந்த நம் உறுப்பினர் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, எர்ரர் லாக்கைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தபோது "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றிருந்தது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! விளக்கம் அவரே சொன்னார். விண்டோஸில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மறைகுறிகள் உண்டு. யூனிக்ஸ் வகைச் சர்வரில் ஒன்றுதான். கூடுதல் குறி பெர்லின் பெயரோடு ஒட்டிக்கொள்ள, சர்வர் அப்படியொரு பெர்லைத் தேடிக் காணாமல் திரும்பியிருக்கிறது. எஃப்.டி.பி.யில் பைனரி முறைக்குப் பதில் ஆஸ்கி முறையில் ஏற்றியதும் எல்லாம் இயங்கியது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குப் பின் வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று முக்கிய ஸ்கிரிப்டின் உள்ளே தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன். நோட்பேடில் யூடிஎஃப்-8 முறையில் சேமித்து ஏற்றினேன். மீண்டும் 500. அந்த வாரமே இன்னோர் உதவித்தொகைக்குக் கடைசி நாள். பழையபடி கையால் ஒரு சாதாரணப் பக்கம் செய்து அறிவிப்பைப் போட்டுவிட்டுத்தான் பழுது பார்க்க உட்கார்ந்தேன்.

அதே மென்பொருளோடு வரும் சோதனை ஸ்கிரிப்ட் ஒழுங்காக இயங்கியது. ஆகவே சர்வரில் குறையில்லை, பெர்லிலும் குறையில்லை. நான் தொட்ட கோப்பில்தான் குறை. தமிழ்க் குறிப்பை அழித்து ஏற்றினேன். அப்போதும் இயங்கவில்லை. லாக்கில் இம்முறை வேறு வாசகம்: கோப்பின் வடிவம் இயக்கத்தக்கதல்ல.

மூன்றாம் நாள் இரவு, குறிப்பு எழுதுமுன் வைத்திருந்த நகலையும் இந்தக் கோப்பையும் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. ஆனால் புதியது மூன்று பைட் கூடுதல்! நோட்பேட் அந்நாளில் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் பைட் ஆர்டர் மார்க் என்ற மூன்று பைட் அடையாளத்தைத் தானாகவே வைக்கும். திரையில் தெரியாது, எழுத்தை அழித்தாலும் போகாது. ஹாஷ் குறிக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்ததால் முதல் வரி முதல் வரியாக இல்லை. பழைய நகலை ஏற்றினேன், தளம் திறந்தது.

2019-க்குப் பின் வந்த விண்டோஸ் 10-இல் நோட்பேட் அந்த அடையாளம் இல்லாமலே சேமிக்கிறது. ஆனால் பழைய கணிப்பொறிகள் நம் கிளைகளில் இன்னும் உள்ளன. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் பி.எச்.பி. மொழியில் ஆனது. அதன் கோப்புகளிலும் இந்த மூன்று பைட் புகுந்தால் "தலைப்புத் தகவல் ஏற்கெனவே அனுப்பப்பட்டது" என்ற பிழை வரும். பி.எச்.பி. நிரல் இயங்காமல் அப்படியே திரையில் தெரிந்தாலோ, கோப்பு இறங்கினாலோ, சர்வரில் பி.எச்.பி. இணைக்கப்படவில்லை என்று கொள்ளுங்கள். எதுவானாலும் முதலில் லாக்கைப் படியுங்கள். திருத்துமுன் நகல் எடுத்து வையுங்கள்.

தளம் திறந்த மறுநாள் காலை, மூணாறிலிருந்து முதல் பதிவு வந்தது. நான் கையால் போட்ட அதே அறிவிப்புதான். தேதியில் நான் செய்திருந்த ஒரு பிழையைத் திருத்திப் போட்டிருந்தார்கள்.