சிறு நிறுவன வழங்கிகளுக்கான வன்தட்டுத் தெரிவு

சிறு நிறுவன வழங்கியின் வன்தட்டு என்பது கணக்கேடுகள், விலைப்பட்டியல்கள், கடிதங்கள் முதலிய அலுவலகத் தரவுகளை இரவுபகலாகச் சேமித்து வழங்கும் காந்தத் தட்டுச் சேமிப்பகம் ஆகும். மேசைக்கணினியின் வன்தட்டு நாளுக்குச் சில மணி நேரமே சுழலும். வழங்கியில் உள்ளது ஓய்வின்றிச் சுழல்கிறது. தரவு மையங்களுக்குரிய குளிரூட்டலும் சிறு அலுவலகங்களில் இருப்பதில்லை. எனவே குறைவாகச் சூடேறும் வன்தட்டைத் தேடுவது இயல்பே. ஆயினும் குளிர்ச்சி மட்டுமே நம்பகத்தன்மை ஆகிவிடாது.

வெப்பமும் பழுதும்

சுழலும் தட்டுகளுக்கும் உள்ளிருக்கும் காற்றுக்கும் இடையிலான உராய்வே வெப்பத்தின் முதன்மைக் காரணம். இதனால் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு, 7200 முறை சுழல்வதைவிடக் குறைவாகச் சூடேறுகிறது. தட்டுகளின் எண்ணிக்கை கூடினாலும் வெப்பம் கூடும். 2013 இல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் காற்றுக்குப் பதிலாக ஈலியம் நிரப்பிய வன்தட்டை வெளியிட்டது. ஈலியத்தின் அடர்த்தி காற்றினதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே என்பதால் உராய்வு வெகுவாகக் குறைந்தது.

2007 இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. மிதமான வெப்பநிலைகளில் வெப்பத்துக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை. 45 பாகை செல்சியசுக்கு மேல், அதுவும் மூன்றாண்டு பழகிய வன்தட்டுகளிலேயே, வெப்பத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 35 பாகையில் உள்ளதை 30 ஆகக் குறைக்கப் பாடுபடுவது வீண். மூடிய அலமாரிக்குள் வழங்கியை வைத்து 50 ஐத் தாண்டவிடுவதே தவறு. வன்தட்டுகளின் முன் ஒரு மின்விசிறியும், அவற்றிடையே விரலளவு இடைவெளியும் பெரும்பாலும் போதுமானவை.

தெரிவு செய்தல்

தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் பத்து இலட்சம் மணி நேரச் சராசரி ஆயுளை, ஒரு வன்தட்டு 114 ஆண்டுகள் உழைக்கும் எனப் பொருள்கொள்ளலாகாது. அது ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுப் பழுது என்னும் மதிப்பீடே. 2007 இல் கார்னிகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில், ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வன்தட்டுகளை மாற்ற நேர்வது பரவலாகக் காணப்பட்டது.

மேசைக்கணினி வகை வன்தட்டு, படிக்க இயலாத பகுதியை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று நெடுநேரம் பதிலளிக்காமல் இருக்கக்கூடும். அப்போது ரெய்டு கட்டுப்படுத்தி அதனைப் பழுதானதாகக் கருதி விலக்கிவிடும். வழங்கிகளுக்கும் பிணையச் சேமிப்பகங்களுக்கும் உரிய வகைகள் சில நொடிகளில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையை அறிவிக்கின்றன. தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் வன்தட்டுகளையும் தவிர்ப்பது நன்று. ரெய்டைச் சீரமைக்கும்போது இவை மிகவும் மந்தமாகின்றன. பிணையச் சேமிப்பகங்களுக்கென விற்கப்பட்ட சில வன்தட்டுகளிலேயே இம்முறை அறிவிப்பின்றிப் பயன்பட்டது 2020 இல் தெரியவந்தது. பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல் மாதிரி எண்ணின் தரவுத்தாளைப் பார்ப்பது அவசியம்.

பழுதை எதிர்கொள்ளல்

கூகுள் ஆய்வின்படி, முதல் வருடல் பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு அதிகம். அத்தகைய வன்தட்டை உடனே மாற்றிவிட வேண்டும். எனினும் முன்னறிகுறி எதுவுமின்றிப் பழுதானவையும் ஏராளம். இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 முறை, ஒன்று பழுதானாலும் அலுவலகம் இயங்க உதவும். ஆனால் தவறுதலாக அழிக்கப்பட்ட கணக்கேடு இரண்டிலும் ஒருசேர அழியும். இதற்கு வேறோர் இடத்தில் காப்புநகல் வேண்டும். அதிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.