செவி கேளாத பந்தாட்ட வீரர் வில்லியம் ஹாய்

பேஸ்பால் ஆட்டம் அமெரிக்காவில் ஊதியத் தொழிலாக வளர்ந்துவந்த காலத்தில் புகழ் பெற்றவருள் ஒருவர் வில்லியம் ஹாய். 1862ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். மூன்று வயதளவில் மூளைக்காய்ச்சல் கண்டு செவிப்புலனை இழந்தார். கொலம்பஸ் நகரத்துக் காது கேளாதோர் பள்ளியில் பயின்று, 1879இல் தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார். பின்னர் செருப்புத் தைக்கும் தொழில் செய்தார். ஓய்வு வேளைகளில் பந்தாடியவர், 1886இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒஷ்கோஷ் குழுவில் சேர்ந்தார்.

ஆங்கு ஓர் இடர் எழுந்தது. எறியப்படும் பந்து அடிக்கத் தக்கதாயின் 'ஸ்ட்ரைக்' என்றும், விலகிச் சென்றால் 'பால்' என்றும் நடுவர் வாயால் அறிவிப்பார். அக்கணக்கை அறியாதவர் சரிவர ஆட இயலாது. ஆகவே ஹாய் ஒவ்வொரு முறையும் நடுவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் மீண்டும் நிலைகொள்ளுமுன் எதிரணியினர் அடுத்த பந்தை எறிந்துவிடுவர். இதற்கு அவர் கண்ட வழி எளியது. மூன்றாம் தளத்தருகே நிற்கும் தம் குழுவினரை, 'ஸ்ட்ரைக்' என்றால் வலக்கையையும் 'பால்' என்றால் இடக்கையையும் உயர்த்தச் சொன்னார்.

பயன் என்ன? 1888இல் வாஷிங்டன் குழுவுக்கு ஆடிய முதல் ஆண்டிலேயே, எதிரணியினர் அயர்ந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிச்சேரும் 'தளத் திருட்டில்' 82 முறை வென்று, அக்கூட்டமைப்பில் முதலிடம் பெற்றார். 1902 வரை உயர்நிலைக் குழுக்களில் ஆடி, 2,000க்கு மேற்பட்ட வெற்றி அடிகள் அடித்தார்.

நடுவர்கள் காட்டும் கைச்சைகைகளுக்கு ஹாயே காரணர் எனப் பலர் எழுதுவர். அதற்கு உறுதியான சான்றில்லை. நடுவரிடையே சைகைகள் பரவியது 1900க்குப் பின்னரே. அக்கதையை மாணவர்க்கு உண்மையெனக் கற்பித்தல் தகாது. அவரைப் போற்ற அக்கதை வேண்டியதுமில்லை.

அந்நாளில் அவரை 'டம்மி' என்றழைத்தனர். ஊமை என்று பொருள்படும் சொல் அது. அவர் அதை மனமுவந்து ஏற்றார். நாம் அதை வழங்க வேண்டுவதில்லை. 1961 அக்டோபரில், தம் 99ஆம் வயதில், சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் ஆட்டமொன்றில் முதற்பந்தை எறிந்து தொடக்கிவைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.

ஆசிரியர்களாகிய நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. கையுயர்த்தும் முன்பும் பின்பும் ஹாயின் செவி ஒன்றே. மாறியது அறிவிக்கும் முறை. வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை விடை கூறாது விழித்தால், 'மந்தம்' என்று முடிவு கட்டுமுன், நம் வினா அதன் செவியில் விழுந்ததா என்று பார்ப்போமாக.