ஒருமுறை பார்த்த இடத்தை மறுபடி ஏன் பார்க்க வேண்டும்?

பொங்கல் விழாவன்று நம் சங்கத்தில் ஒரு கல்லூரி மாணவி என்னைக் கேட்டாள்: "மாமா, பூமிக்கடியில் எண்ணெய் இருப்பதை ஒருமுறை கண்டுபிடித்தாகிவிட்டது. பிறகும் அதே இடத்தில் ஏன் திரும்பத் திரும்ப நில அதிர்வு ஆய்வு செய்கிறார்கள்?"

நான் எண்ணெய்த் துறை ஆள் இல்லை; ரயில்வேயில் பாலங்களைக் கவனித்தவன். ஆனால் பாலத் தூணில் விரிசல் கண்டால், அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுவோம். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். ஒருமுறை நான் தேதி எழுத மறந்துவிட்டேன். பின்னர் கண்ணாடி உடைந்திருந்தது. ஒட்டி ஒரு மாதமா, மூன்று வருடமா? யாருக்கும் தெரியவில்லை. ரயில்களுக்கு வேகக் கட்டுப்பாடு போட்டு, எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டியதாயிற்று. மாற்றத்தை அறிய இரண்டு அளவுகள் வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

எண்ணெய் வயலிலும் இதே கதைதான். கடலில் கப்பலிலிருந்து காற்றழுத்தக் கருவியால் ஒலி எழுப்புவார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவார்கள். எண்ணெய் பூமிக்குள் குளம்போல் நிற்பதில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளில் இருக்கிறது. எண்ணெய் வெளியேறி அங்கே நீர் புகுந்தால் பாறையின் விறைப்பு சற்று கூடும்; எதிரொலியும் மாறும்.

நார்வேயை அடுத்த வட கடலில் குல்ஃபாக்ஸ் என்ற வயல் இருக்கிறது. அங்கே 1985இல் ஆய்வு நடந்தது. 1986 இறுதியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். சுமார் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் ஆய்வு செய்து, இரு படங்களையும் ஒப்பிட்டார்கள். எதிரொலி மங்கிய இடங்களில் நீர் வந்துவிட்டது. முன்போலவே பலமாக இருந்த இடங்களில் எண்ணெய் இன்னும் தங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களைக் குறிவைத்துப் புதிய கிணறுகள் தோண்டினார்கள்.

இது சின்ன விஷயமல்ல. பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் உள்ளேயே நின்றுவிடுகிறது. கடலில் ஒரு கிணறு தோண்டப் பல கோடி ரூபாய் ஆகும். இடம் தவறினால் வருவது தண்ணீர்தான்.

ஒப்பிடுவதும் எளிதல்ல. கப்பல் பழைய பாதையிலேயே செல்ல வேண்டும். ஆனால் அலையும் நீரோட்டமும் அன்றுபோல் இராது. எனவே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். எண்ணெய் அடுக்குக்கு மேலுள்ள பாறைகள் பொதுவாக மாறுவதில்லை. அங்கேயும் வித்தியாசம் தெரிந்தால், பிழை பெரும்பாலும் அளவெடுத்ததில்தான். நாங்களும் பாலத்தின் இரும்பை ஒரே வேளையில்தான் அளப்போம். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா?

எண்ணெய் எடுக்கும் முன்னரே எடுத்த அந்த 1985ஆம் வருடத்துப் படத்தைப் பத்திரமாக வைத்திராவிட்டால், இரண்டாவது படம் எதனோடு ஒப்பிடப்படும்?

அந்தப் பெண்ணிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: "உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் தெரிந்தால் பதறாதே. அது முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. பக்கத்தில் மறக்காமல் தேதி எழுது."